மூன்று மணிக்கு மூடும் வீடு

லிங்கநகரில் சிறிலும் மக்டலினும் கடனுக்கு வாங்கிய வீடு திங்கள் தொடக்கம் வெள்ளி வரை காலை ஒன்பது மணிக்குத் திறந்து, பிற்பகல் மூன்று மணிக்கு மூடியது. சனி, ஞாயிறு, முழுநிலாப் போயா தினங்கள், நாட்காட்டியில் வங்கி விடுமுறை என்று போட்டிருந்த மற்ற நாட்கள் எல்லாவற்றிலும் மூடியே கிடந்தது. 2019 ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, உறுதிப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்து இருபத்தைந்து இலட்சம் எடுத்து, கனடாவுக்குப் போன ஒருவரிடம் வீட்டை வாங்கி, அன்றைக்கே பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி வரும் நேரத்தில் வீட்டுக்குள் யாரோ மரியாதையாக ஒருதரம் இருமும் சத்தம் கேட்டது. மணி மூன்று. அடுத்த கணம் மக்டலின் கையில் அகப்பையோடு முற்றத்தில் நின்றாள். பால் உள்ளே நின்றுவிட்டது. வீட்டை மந்திரிக்க வந்த பங்குத் தந்தை தீர்த்தச் செம்போடு மாமரத்தடியில் நின்றார். சிறில் அந்த நேரம் கக்கூசில் இருந்தவன். எந்தக் கோலத்தில் முற்றத்துக்கு வந்து சேர்ந்தான் என்பதைப் பற்றி அவன் இன்று வரை கதைப்பதில்லை. அயலவர்கள் கதைக்கிறார்கள்.

அடுத்த நாள் வங்கிக்குப் போய் முறைப்பாடு செய்தார்கள். முகாமையாளர் அமைதியான மனிதர். கோப்பை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடன் கட்டி முடியும் வரை வீடு வங்கியினுடையது, வங்கியின் நேரத்துக்குத்தான் திறக்கும், இதில் பிழை எதுவும் தெரியவில்லையே என்றார். குறிஞ்சாக்கேணியில் தவணைக்கு எடுத்த ஓட்டோ ஒன்று, தவணை பிந்திய மாதங்களில் இடப்பக்கம் மட்டும்தான் திரும்புமாம். அதன் சொந்தக்காரர் அப்படியே சுற்றிச் சுற்றி ஓடிப் பிழைக்கிறாராம் என்று ஆறுதலும் சொன்னார். கோப்பில் ஒரேயொரு நல்ல செய்தி இருந்தது. முன்விறாந்தையைப் பழைய சொந்தக்காரர் அனுமதி எடுக்காமல் பிறகு ஒட்டிக் கட்டியிருந்தார். அது பிளானில் இல்லை. பிளானில் இல்லாததை வங்கி ஈடு பிடிக்கவும் இல்லை. ஆகவே விறாந்தை மட்டும் இரவு பகலாகத் திறந்திருந்தது. களவாகக் கட்டிய ஒன்றுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது சரியா என்று மக்டலின் கொஞ்ச நேரம் யோசித்தாள், பிறகு சொல்லிவிட்டாள்.

அப்படியே வாழப் பழகினார்கள். இரண்டு மணிக்கெல்லாம் இராச்சாப்பாட்டைச் சமைத்து, பாய், தலையணை, உடுப்பு, கைவிளக்கு எல்லாவற்றையும் விறாந்தைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இருமல் கேட்டதும் எதைக் கையில் பிடித்திருக்கிறார்களோ அது அவர்களோடு வெளியே வரும். மற்றது உள்ளே நின்றுவிடும். ஒருமுறை மகள் சுதர்ஷிகா இடக்காலில் மட்டும் செருப்போடு வெளியே வந்து, அடுத்த நாள் போயா, அதற்கடுத்த நாட்கள் சனி ஞாயிறு என்பதால், திங்கட்கிழமை வரை ஒற்றைச் செருப்போடு திரிந்தாள். சிறில் துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகில் எஞ்சின் பார்ப்பவன். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வருகிறவனுக்குத் தன் சொந்த வீட்டின் உட்பக்கம் எப்படி இருக்கும் என்பது லீவு எடுத்த நாட்களில்தான் தெரியவந்தது. உள்ளே வங்கியில் அடிப்பது போலவே குளிர் அடித்தது. மெஷின் எதுவும் இல்லை, கரண்ட் பில்லிலும் ஒரு சதம் ஏறவில்லை. திருகோணமலை வெயிலில் எஞ்சின் அறைக்குள் வெந்து கிடந்தவனுக்கு அது பெரிய கொடுப்பினையாகப் பட்டது. வீட்டில் இருந்த பேனைகள் எல்லாம் தாமாகவே நூலில் கட்டுண்டு மேசையோடு தொங்கின. வந்தவர்கள் காரணம் தெரியாமலே குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட மக்டலினால் ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. மூன்று மணிக்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அது சித்தி பரீதாவின் வீடு. சித்தி என்பது பெயர், உறவு அல்ல. கிண்ணியாவில் பிறந்து புடைவைக் கடைக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்தவர், நல்ல மனுசி, ஒருநாளும் முகம் சுளித்தவர் அல்ல. ஆனாலும் வாளியோடு இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்பது எத்தனை நாளைக்கு முடியும்? ஏழு மாதத்தில் மக்டலின் பள்ளிச் சீருடைகள் தைத்துச் சேர்த்த காசையும் தன் காப்பு ஒன்றை விற்ற காசையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். வைப்புத் துண்டில் "விபரம்" என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் அதில் "கடன்" என்று எழுதுவார்கள். மக்டலின் கோபத்தில் "கக்கூசுக்கு" என்று எழுதினாள். காசாளர் சுகிர்தன் அதை உரக்க வாசித்து, ஒருதரம் உறுதிப்படுத்திக்கொண்டு, முத்திரை குத்தினான். அன்று மூன்று மணிக்கு வீடு வழக்கம்போல மூடியது. கக்கூசின் கதவு மட்டும் திறந்திருந்தது. அன்றிரவு அந்தக் குடும்பம் அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் விறாந்தையில் விழித்திருந்தது.

அதற்குப் பிறகு மக்டலின் கணக்குக் கொப்பி போட்டாள். பதினைந்து வருடக் கடன், பிளானில் அறுநூற்றிருபத்தைந்து சதுர அடி, அடிக்கு நாலாயிரம். தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் 2034 வரை விறாந்தையில் படுக்க வேண்டும். கூடக் கட்டுகிற ஒவ்வொரு நாலாயிரமும் ஓர் அடி நிலத்தை மீட்கும். ஒரு சதுர அங்குலம் இருபத்தேழு ரூபாய் எழுபத்தெட்டுச் சதம். அன்று தொடக்கம் அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் ரூபாயில் விலை இல்லாமல் போனது. முட்டை இரண்டு அங்குலம். தலைமயிர் வெட்டுவது பதினெட்டு அங்குலம். அதனால் சிறிலுக்கு மக்டலினே வெட்டினாள், அதன் பலனைத் துறைமுகத்தில் எல்லாரும் பார்த்தார்கள். சுதர்ஷிகாவின் டேட்டா கார்ட் அரை அடியை நெருங்கியபோது வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. தேங்காயை மக்டலின் நாலாம் பால் வரைக்கும் பிழிந்தாள். ஐந்தாவது தரம் விட்ட தண்ணீர், இந்த மனுசியோடு மினக்கெட ஏலாது என்று தானாகவே வெள்ளையாகிவிட்டது. சவர்க்காரக் கட்டி ஒன்று பதினாலு மாதம் நின்றது. 2022இல் நாடே காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில், அவள் வீட்டுச் சிலிண்டர் தீர்ந்துபோகத் துணிவில்லாமல் ஒன்பது மாதம் எரிந்தது.

சிக்கனத்துக்குச் சமயத்தையும் துணைக்கு அழைத்தாள். 2021இல் சாம்பல் புதனன்று தொடங்கிய தவக்காலம் அந்த வீட்டில் முடியவே இல்லை. ஊருக்கெல்லாம் உயிர்த்த ஞாயிறு வந்தது, நத்தார் வந்தது, திரும்பவும் சாம்பல் புதன் வந்தது. மக்டலின் வீட்டில் இறைச்சி வரவில்லை. பங்குத் தந்தை நாற்பது நாள் போதும் என்று சொல்லிப் பார்த்தார். சுவாமி, ஆண்டவருக்கு நாற்பது நாள் போதும், பாங்குக்குப் போதாது என்றாள். மீன் மட்டும் இருந்தது. கடல் பக்கத்தில் என்பதால் அதைத் தடுக்க அவளுக்கும் மனம் வரவில்லை.

இந்த அரசாட்சியில் துரோகம் செய்தவன் சிறில்தான். துறைமுகக் கன்ரீனில் அவன் தினமும் பத்து மணிக்கு ஓர் இறைச்சி ரோல்ஸ் தின்றுவந்தான். சட்டைப் பையில் எண்ணெய்க் கறையைக் கண்டு ஒருநாள் பிடிபட்டான். மக்டலின் கொப்பியை எடுத்தாள், ரோல்ஸ் என்ன விலை என்று கேட்டாள், கணக்குப் போட்டாள்.

"ஒரு ரோல்ஸ் அஞ்சு அங்குலம். வருசத்துக்கு எட்டரை அடி. நீங்க தின்டது ரோல்ஸ் இல்ல, எங்கட அறையில பாதிக் கட்டில் போடுற இடம்."

"அந்தப் பாதியில நான் படுக்கேல்ல எண்டு நினைச்சுக்கொள்ளுமன்" என்றான் சிறில்.

அவள் நினைத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாளே சீனிச் சம்பலும் பாணும் கட்டிக் கொடுத்து, கன்ரீன்காரனுக்கும் ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள்.

நடுவில் ஒரு கெட்ட காலமும் வந்தது. 2022இல் வட்டி பன்னிரண்டிலிருந்து இருபத்தேழுக்கு ஏறியது. இரண்டு தவணை பிந்தின. அதற்குள் அவர்கள் படுக்கும் அறையும் மீண்டிருந்தது; ஆனால் மீண்ட கக்கூசில் பாதியை வங்கி திருப்பி எடுத்துக்கொண்டது. மூன்று மணிக்குப் பிறகு உள்ளே போகலாம், நிற்கலாம், கை கழுவலாம், குந்தி இருக்க ஏலாது. மக்டலின் இரவும் பகலும் சீருடை தைத்து நாலு மாதத்தில் அதை மீட்டாள். பிறகு ஹோலைத் துண்டு துண்டாக மீட்கத் தொடங்கினார்கள். டீவி வங்கிப் பக்கத்திலும் பார்ப்பவர்கள் சொந்தப் பக்கத்திலும் இருந்த எட்டு மாதங்களில், மூன்று மணிக்குப் பிறகு டீவி திரை விழுந்ததுபோல் இருண்டு கிடக்க, அதன் முன்னால் குடும்பமாக இருந்து அதையே பார்த்தார்கள். 2024 நடுப்பகுதியில் ஹோல் முழுவதும் மீண்டது. குளிர் போனதில் சிறிலுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சுதர்ஷிகாவின் கலியாணம் அதற்கு முந்திய வருடம் ஒரு சனிக்கிழமை நடந்தது. அவளுடைய அறை மூடிக் கிடந்ததால் மணமகள் விறாந்தையில் சேலை உடுத்திக் கோவிலுக்குப் போனாள். மாப்பிள்ளை ரஜீவன் பாலையூற்றுப் பொடியன், தங்கமான பிள்ளை, மின்சார சபையில் வேலை. தாய் புஸ்பராணி வேறு மாதிரி. அவர் சம்பந்தம் பேச முதல்தரம் வந்தது ஒரு போயா தினம். விறாந்தை முழுக்கப் பாயும் பெட்டியுமாகக் கிடந்ததால் பச்சை நிறக் காஞ்சிபுரத்தோடு மாமரத்தடியில் இரண்டு மணி நேரம் இருக்க நேர்ந்தது, ஒரு காகம் தன் கருத்தை அந்தச் சேலையில் தெரிவித்தது. புஸ்பராணி அதை மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. சந்தையிலும் கோவிலிலும், "எங்கட மருமகளின்ர வீட்டுக்குப் போறதெண்டால் நம்பர் எடுக்கவேணும்" என்று சொல்லித் திரிந்தார். மக்டலின் கேட்டும் கேளாதது போல இருந்தாள். உள்ளுக்குள் நொந்துதான் இருந்தாள்.

ஆவணியில் சுதர்ஷிகா பிள்ளைத்தாய்ச்சி என்று செய்தி வந்தது. முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். பெற்றவள் மகளைத் தன் கையால் பார்த்து, பத்தியச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுத்து, நேரம் காலம் இல்லாமல் வெந்நீர் காய்ச்ச வேண்டும். அந்த நேரத்தில் வங்கியின் பக்கம் மிஞ்சிக் கிடந்தவை சுதர்ஷிகாவின் அறையும் குசினியும்தான். இரண்டும் சேர்ந்து இருநூற்றிருபது அடி, எட்டு இலட்சத்து எண்பதாயிரம். புஸ்பராணி வீட்டுக்கு வந்து, நின்றபடியே தன் முடிவைச் சொன்னார்.

"சம்பந்தி, குறை நினையாதேங்கோ. மூண்டு மணிக்குப் பூட்டுற குசினியை வைச்சுக்கொண்டு பிள்ளைப்பெத்தவளைப் பாக்க ஏலாது. பச்சைப் பிள்ளை பசிக்கேக்க பாங்க் நேரம் பாக்குமே? பிள்ளை பிறந்ததும் ரெண்டு பேரையும் நான் பாலையூத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

சொன்னது சரி என்பது மக்டலினுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஒரேயொரு மகளின் முதல் பிள்ளையைப் பார்க்க இன்னொருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், இருந்து, ரீ குடித்துவிட்டுத் திரும்பி வர அவள் தயாராக இல்லை. பிள்ளை பிறக்கும் முன் இரண்டையும் மீட்பது என்று சபதம் எடுத்தாள். ஒவ்வொரு தரம் கூடக் கட்டும்போதும் வங்கி ஆயிரத்தைநூறு பத்திரச் செலவு எடுக்கும். அதனால் இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஐம்பத்துநாலு அங்குலம் மிச்சம் என்று கணக்குப் போட்டாள். அந்த ஐம்பத்துநாலு அங்குல ஆசைதான் அவளைக் கடைசி நாள் வரைக்கும் இழுத்தது. பால்மா டின்களில் சேர்ந்தது இரண்டு இலட்சத்து எழுபதாயிரம். சிறில் தன் மோட்டார்சைக்கிளை மூன்று இலட்சத்துப் பத்தாயிரத்துக்கு விற்றுவிட்டுச் சைக்கிளில் துறைமுகத்துக்குப் போனான். கன்ரீன்காரன் கூட இரங்கினான். மிச்சம் மூன்று இலட்சத்துக்கு மக்டலினிடம் வழி இல்லை. சித்தி பரீதா பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துச் சீட்டு நடத்திக்கொண்டிருந்தார். சித்திரை மாதச் சீட்டு அவருடைய முறை. மக்டலினின் முறை ஐப்பசியில்தான். ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பெருநாளும் முடிஞ்சிட்டு, எனக்கு இப்ப என்ன அவசரம்? இந்தச் சீட்ட நீங்க எடுங்க புள்ள, நான் ஒங்கட மாசத்துல எடுக்கன்" என்றார். மக்டலின் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் பத்திரச் செலவுக்கு வைத்திருந்த ஆயிரத்தைநூறு பத்திரமாக இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்தாள்.

பிள்ளை சித்திரை, அதாவது ஏப்ரல், இருபதாம் திகதி என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை எட்டாம் திகதியே வந்துவிட்டது. பெண், இரண்டு கிலோ எண்ணூறு. பதினோராம் திகதி வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவதாகச் சொன்னார்கள். மக்டலின் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினாள். பன்னிரண்டு போயா. பதின்மூன்று, பதினாலு வருடப்பிறப்பு. பதினைந்து விசேட விடுமுறை. வெள்ளி மூன்று மணிக்கு மூடினால் வங்கி புதன்கிழமைதான் திறக்கும். அதுவரை குசினி இல்லை, அறை இல்லை; மகளும் பேத்தியும் பாலையூற்றில். சீட்டுக் காசு கைக்கு வந்ததே வெள்ளி பகல் ஒரு மணிக்கு. காசை உடுப்புப் பைக்குள் வைத்து, அதன் மேல் குழந்தைக்குத் தைத்த சட்டைகளைப் போட்டு மூடிக்கொண்டு, ஓட்டோ பிடித்து வங்கிக்குப் போனாள்.

வங்கி திருவிழாவாக இருந்தது. திருகோணமலையே வருடப்பிறப்புக்குக் காசெடுக்க வந்து நின்றது. அவளுக்குக் கிடைத்த நம்பர் இருநூற்றுப் பதினாலு. பலகையில் ஓடிக்கொண்டிருந்தது நூற்றெழுபத்தொன்று. இரண்டேகாலுக்கு நூற்றெழுபத்தெட்டு. அவள் கண்ணைத் துடைப்பதைப் பக்கத்தில் இருந்த பெண் கண்டாள், காரணம் கேட்டாள், வரிசைக்குச் செய்தி பரவியது. அந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் அங்கே குறைவு. மூதூரிலிருந்து வந்திருந்த மீன் வியாபாரி ஒருவர், முப்பது வருடமாக எந்த வரிசையிலும் யாருக்கும் இடம் விடாதவர் என்று பெயர் எடுத்தவர், தன் நூற்றெண்பத்திரண்டை நீட்டினார். "பச்சப் புள்ள விசயமெல்லோ. நீங்க போங்க, நான் நிண்டு எடுக்கன்" என்றார்.

இரண்டு நாற்பதுக்குச் சுகிர்தன் காசை எண்ணி முடித்தான். பிறகு கணினியைப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

"அன்ரி, கடனை நேரத்துக்கு முதலே முழுசா முடிக்கிறதெண்டால் ஒரு கட்டணம் இருக்கு. ரெண்டரை வீதம். இருபத்திரண்டாயிரம்."

"முதல் கட்டினதுக்கு எடுக்கேல்லையே?"

"அது கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினது. இது முடிக்கிறது. முடிக்கிறதுக்குத்தான் எடுக்கிறது."

ஆறு வருடம் முட்டையை அங்குலத்தில் எண்ணியவளுக்கு, கடனைக் கெதியாகக் கட்டியதற்கே அபராதம் உண்டு என்பது யோசனையில் வந்ததே இல்லை. பையில் பத்திரச் செலவுக் காசுக்கு மேல் ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய்தான் இருந்தது. முகாமையாளர் தன் அறையிலிருந்து எழும்பி வந்தார். கோப்பை வழக்கம்போல ஆறுதலாகப் புரட்டினார். பெரிய பிரச்சினை இல்லை, அந்த இருபத்திரண்டாயிரத்தைக் கடன் மீதியாக விடலாம், அது ஐந்தரைச் சதுர அடி, அந்த அளவு இடம் மட்டும் வங்கியின் பக்கம் இருக்கும் என்றார். குசினியில் விடுவதா, அறையில் விடுவதா என்று கேட்டார். மக்டலின் யோசித்தாள். குசினியில் ஐந்தரை அடி என்றால் அடுப்பு போகும். அறையில் என்றால் தொட்டில் போகும். மணி இரண்டு ஐம்பது.

அப்போது லீவு போட்டிருந்த சிறில் வீட்டிலிருந்து அவளுக்கு ஃபோன் எடுத்தான். சுதர்ஷிகாவும் பிள்ளையும் வந்துவிட்டார்கள், அறையில் படுத்திருக்கிறார்கள் என்றான். குரல் இறங்கியது.

"சம்பந்தியும் வந்திட்டா. வாடகைக்குப் பிடிச்ச வான் வண்டியோட. ஹோலில வாசல் பக்கக் கதிரையில இருந்து மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறா. மூண்டு அடிச்சு எல்லாரும் வெளியில வந்ததும் அப்பிடியே ஏத்திக்கொண்டு போகப்போறாவாம். எழும்புங்கோ எண்டு சொன்னாலும் எழும்புறா இல்ல. ரீயும் குடுத்தாச்சு."

மக்டலின் ஃபோனை வைத்தாள். குசினியும் இல்லை, அறையும் இல்லை, ஹோலில் விட முடியாதா என்று கேட்டாள். ஹோல் ஏற்கெனவே மீண்டுவிட்டது என்றான் சுகிர்தன். உறுதி ஒன்றுதான், எங்கே விட்டாலும் வங்கிக்குச் சம்மதம், இடத்தை மட்டும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள் என்றார் முகாமையாளர். நூலில் கட்டிய பேனையை எடுத்து விபரக் கட்டத்துக்குள் மக்டலின் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்: "குசினியும் மகளின் அறையும் முழுவதும். மீதி ஐந்தரை அடி, ஹோலில் வாசல் பக்கக் கதிரை கிடக்கும் இடம்." சுகிர்தன் உரக்க வாசித்தான். வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ஐம்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது.

வீட்டுக்கு ஓட்டோவில் பத்து நிமிடம். வழியில் மூன்று மணி ஆனதை மக்டலின் ஓட்டோக்காரனின் கைமணிக்கூட்டில் கண்டாள். அதற்குப் பிறகு எதையும் காணவில்லை, செபமாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். லிங்கநகர் ஒழுங்கைக்குள் திரும்பி வீட்டைப் பார்த்ததும் ஓட்டோ நிற்க முதலே குதித்து இறங்கினாள். புஸ்பராணி ரீக் கோப்பையோடு கேற்றடியில் நின்றார். சம்பந்தி வெளியே என்றால் எல்லாரும் வெளியே. முத்திரை பிந்திவிட்டது, பிள்ளைப்பெற்றவள் இந்த வெயிலில் எங்கே நிற்கிறாளோ என்று முற்றத்தையும் மாமரத்தடியையும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. வான் வண்டி வெறுமையாக நின்றது. மக்டலின் செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். அறைக்கதவு திறந்திருந்தது. சுதர்ஷிகா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், பக்கத்தில் ஒரு சின்ன மூட்டை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, இருமல் கேட்டது. நாங்கள் அப்பிடியே கிடக்கிறம்" என்றாள் சுதர்ஷிகா.

மக்டலின் குசினிக்குப் போனாள். மூன்றேகால் மணிக்கு அந்தக் குசினி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. பின்னேர வெயில் யன்னலால் விழுந்து அடுப்பில் கிடந்தது. கேத்திலில் தண்ணீர் வைத்து, அடுப்பை மூட்டி, அது கொதித்து முடியும் வரைக்கும் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக ஒருபோதும் இருந்ததில்லை. அடுப்பைக் குறைக்கவும் மறந்துபோனாள், அதுவே அந்த வீட்டுச் சரித்திரத்தில் ஒரு சம்பவம்.

புஸ்பராணி திரும்பி உள்ளே வந்து அதே கதிரையில் இருக்கப் பார்த்தார். கதிரை கண்முன்னால் கிடந்தது, ஆனால் எப்படிக் குனிந்தாலும் ஒரு சாண் தள்ளியே நின்றார். மூன்று தரம் முயன்றுவிட்டு விட்டுவிட்டார். குசினி வாசலில் வந்து நின்று, எரிகிற அடுப்பையும் அழுகிற சம்பந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "குசினி திறந்துதான் கிடக்குது" என்றார். வான்காரன் நிற்கவா போகவா என்று கேட்டதற்குப் போகச் சொல்லிவிட்டு, உள்ளி உரிக்கக் குந்தினார். சரக்குக் கறிக்கு மிளகு கூட வேண்டும் என்று அவரும், காணும் என்று மக்டலினும் பொழுதுபடும் வரை பிடிவாதமாக நின்றார்கள்.

இருபத்திரண்டாயிரம் இன்று வரை கட்டப்படவில்லை. முடித்துவிடும்படி வங்கியிலிருந்து காலாண்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. மக்டலின் அதை வாசித்து மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, மாதம் இருநூற்றிருபது ரூபாய் வட்டியை மட்டும் தவறாமல் கட்டுகிறாள். செலவுக் கொப்பியில் அரிசிக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில், அத்தியாவசியம் என்ற தலைப்பின் கீழ் அது இருக்கிறது. காப்புறுதி விற்க வருபவர்கள், கடன் கேட்டு வரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், அயல் வீட்டுக் கதைகளோடு வருபவர்கள் எல்லாரையும் அந்தக் கதிரையில்தான் இருத்துகிறாள். மூன்று மாதத்துக்கு என்று வந்த சுதர்ஷிகா ரஜீவனையும் கூட்டிவைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். லீவு எடுக்கும் நாட்களில் மூன்று மணி வரை சிறில் கட்டிலை விட்டுவிட்டு அந்தக் கதிரையில் தூங்குகிறான். வங்கிக் குளிர் இப்போது அந்த ஐந்தரை அடியில் மட்டும்தான் அடிக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவன் இடம் விட வேண்டும், புஸ்பராணி பேத்தியைப் பார்க்க வருகிற நாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அந்தக் குளிரில்தான் இருப்பார். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பிள்ளையை மக்டலினிடம் கொடுத்து, ரீயைக் குடித்து முடித்து, பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப வரட்டே சம்பந்தி" என்று தானாகவே எழும்பிவிடுவார்.